மேடைக்குப் பின்னாடி நிக்கறவங்களுக்கு

கேள்வி: அண்ணா, எனக்கு நெல்லிக்குப்பம், கடலூர்ல காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறேன். அப்பா ஆசாரி, அதனால உளி, இழைப்புளி எல்லாம் பிடிக்கத் தெரியும். காலேஜ் நாடகத்துல நடிக்கறத விட செட் போடத்தான் ஆசை. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

பதில்: தங்கச்சி, பாதி வேலை உங்க வீட்டுலயே முடிஞ்சிருச்சு. ஆனா ஒண்ணு மட்டும் மனசுல மாத்திக்கணும், அப்பா செய்யற கதவு அம்பது வருஷம் நிக்கணும், நீ செய்யறது ரெண்டு மணி நேரம் அசையாம நின்னுட்டு அப்புறம் பத்து நிமிஷத்துல கழண்டு ஒரு மினி லாரியில ஏறணும். அதனால கனமான மரம் வேணாம், ஆணியும் வேணாம், ஸ்க்ரூ போடு. கடலோரக் காத்துக்கு ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும், அப்புறம் புடுங்கறப்ப மரத்தையும் சேத்து பிச்சுக்கிட்டு வரும்.

முதல்ல 8 அடி உயரம், 4 அடி அகலத்துல ஒரு ஃப்ளாட் செய், அதாவது சுவர் மாதிரி தெரியற சட்டகம். 2 இன்ச்சுக்கு 1 இன்ச் ரீப்பர்ல, அதாவது மெல்லிசான மரச்சட்டத்துல, நாலு பக்கமும் சேத்து நடுவுல ஒரு குறுக்குச்சட்டம் குடு. ரீப்பர் வாங்கறப்பவே ஒவ்வொண்ணா கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பாரு, வளைஞ்சத எடுக்காத, ஐப்பசி மழையில நனைஞ்ச மரம்னா அன்னிக்கு நேரா இருந்தாலும் காயறப்ப முறுக்கிக்கும். மூலைக்கு மூலை 6 எம்எம் ப்ளைவுட்ட முக்கோணமா வெட்டி பின்பக்கம் பெவிகால் வச்சு ஸ்க்ரூ போடு, ஆனா ஓரத்துலேர்ந்து ரீப்பரோட தடிமன் அளவு உள்ள தள்ளி வை, அப்பதான் இன்னொரு ஃப்ளாட்ட மூலையில இடைவெளி இல்லாம ஒட்டி நிறுத்த முடியும். ஸ்க்ரூவ முறுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூலைவிட்டத்தையும் டேப் வச்சு அள, ரெண்டும் 8 அடி 11 இன்ச்சுக்கு கொஞ்சம் கூட, ஒரே அளவா வரணும், வரலன்னா சட்டம் கோணிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் காடாத் துணிய இழுத்துக் கட்டி பசைத் தண்ணி பூசினா காயக் காய பறை மாதிரி விறைச்சுக்கும்.

முட்டுக் குடுக்கறதுல மட்டும் அவசரப்படாத. பல வருஷம் முன்னாடி நான் ஒரு பக்கம் மட்டும் முட்டு குடுத்துட்டு போயிட்டேன், நடிகை கதவ சாத்தின வேகத்துல ஃப்ளாட் முன்னாடி சாஞ்சிருச்சு, ரெண்டு பேர் ஓடிப்போய் பிடிச்சதால அந்தப் பொண்ணு தப்பிச்சா. அன்னிலேர்ந்து முக்கோண முட்டு, அது மேல மணல் மூட்டை, இது ரெண்டும் இல்லாம யாரையும் மேடை ஏற விடறதில்ல.

படிச்சே கத்துக்கணும்னா காலாப்பட்டுல பாண்டிச்சேரி யுனிவர்சிட்டியோட நிகழ்கலைப் பிரிவுக்கு ஒருதரம் போய் விசாரி, தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பேர் வச்ச பள்ளி அது, சுவாமிகள் 1922ல காலமானதும் பாண்டிச்சேரியிலதான். ஆனா அதுக்கு முன்னாடி, இந்த வருஷமே ஏதாவது ஒரு குழுவுல சாமான் தூக்க, கூட்ட, டேப் ஒட்டப் போ. எது எதுக்குப் பின்னாடி வருதுன்னு தூக்கித் தூக்கித்தான் புரியும்.

கேள்வி: நான் கடலூர் ஓ.டி.யில, அதாவது பழைய டவுன்ல, ஸ்கூல் டீச்சர். பசங்க இருட்டுல சீன் மாத்தறப்ப இடிச்சுக்கறாங்க, லேட்டும் ஆகுது.

பதில்: டீச்சர், முதல்ல வெளிச்சத்துல பத்து தரம் மாத்திப் பழகச் சொல்லுங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு சாமான், ஒரு வழி, போற வழியும் வர்ற வழியும் மோதக்கூடாது. நாற்காலி கால் வர்ற இடத்துல இருட்டுல மின்னற டேப் சின்னதா ஒட்டுங்க. பசங்களுக்கு கருப்பு டிரஸ், மூடின ஷூ. வலது இடதுன்னா ஜனங்களப் பாத்து நிக்கற நடிகரோட வலது இடதுதான், இத முதல் நாளே சொல்லிடுங்க, பாதி இடி இதுலயே குறையும்.