கப்பலில் இருக்கும் தம்பிக்கு

தம்பி, தூத்துக்குடியில் ஏழு வயதுப் பையனோடு தனியாக இருக்கும் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசை, அவருக்குக் கந்துவட்டிக் கடன், மூன்று வருடம் முன் விட்டுப்போன கணவரிடமிருந்து விவாகரத்து ஆகவில்லை, ஊர் என்ன சொல்லும் என்று கேட்டிருந்தீர்கள். ஊரை விடுங்கள். விவாகரத்துதான் முதல் வேலை.

இருவரும் இந்துக்கள் என்கிறீர்கள். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு வருடம் கைவிட்டுப் போனதே விவாகரத்துக்குக் காரணம். குடும்பநல நீதிமன்றத்தில் அந்தப் பெண்தான் மனுப் போட வேண்டும். தீர்ப்பு வருமுன் கோயிலில் தாலி கட்டினால் அது செல்லாது, அவர்மேல் வழக்கும் வரலாம்.

கடனை மொத்தமாக அடைக்கத் துடிக்காதீர்கள். அசல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் வந்த சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது; வக்கீலிடம் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எனக்குப் பையன்தான் கவலை. இருபது வருடம் கப்பலில் இருந்தவன் நான். லீவில் வந்தால் என் சொந்த மகளே முதல் வாரம் அம்மா முந்தானைக்குள் ஒளிவாள். அவன் உங்களை 'மாமா' என்றே கூப்பிடட்டும், 'அப்பா' என்று சொல்ல வைக்காதீர்கள். ஏற்கெனவே ஒருவர் சொல்லாமல் போயிருக்கிறார். சைன் ஆஃப் தேதியை, அதாவது கப்பலை விட்டு இறங்கும் நாளை, கம்பெனி உறுதி செய்யும்வரை அவனிடம் தேதி சொல்லவே வேண்டாம். சிக்னல் கிடைக்கும் துறைமுகத்தில் பத்து நிமிடம் அவனோடு மட்டும் பேசுங்கள். கிரேன் காட்டுங்கள், போதும்.