புது ரைபிளின் ட்ரிகர் கனமா? அரத்தைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பெருந்துறையில இருந்து எழுதறமுங்க. எங்க பாப்பாவுக்கு 15 வயசு. பத்து மீட்டர் ஏர் ரைபிள் பழகுது. ஆறு மாசம் கிளப் ரைபிள்ல சுட்டுட்டு இருந்துச்சு. இப்பப் புதுசா ஒரு பிசிபி (சிலிண்டர்ல அடைச்ச காத்துல சுடற) மேட்ச் ரைபிள் வாங்கிக் குடுத்திருக்கறோம். ட்ரிகர் கல்லு மாதிரி இருக்குதுங்குது. டிஜிட்டல் கேஜ்ல பார்த்தா ஒருக்கா 180 கிராம், ஒருக்கா 260 கிராம்னு காட்டுது. தெரிஞ்ச லேத் பட்டறைக்காரர், "உள்ள இருக்கற சியரை லேசாப் பாலிஷ் போட்டாப் பட்டு மாதிரி ஆயிருமுங்க"ங்கறார். குடுக்கலாமுங்களா?

பதில்: கொடுக்க வேண்டாம். கோவை, ஈரோடு பக்கத்துப் பட்டறைகளின் கைத்திறனில் குறை எதுவும் இல்லை. பம்ப் ஷாஃப்டை நூல் பிசகாமல் கடைந்து தருகிறவர்கள் அவர்கள். ஆனால் சியர் என்பது வேறு மாதிரியான உருப்படி. காக் செய்த, அதாவது சுடத் தயார்நிலைக்குக் கொண்டுவந்த, ரைபிளை விடாமல் பிடித்து வைத்திருக்கும் கொக்கி அது. பல ரைபிள்களில் அதன் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பு. எமரி பேப்பரில் நாலு இழுப்பு இழுத்தால் முனையின் கோணம் மாறும், தோலும் மெலியும். முதல் வாரம் பட்டு மாதிரிதான் இருக்கும். பிறகு அந்த முனை தேயத் தொடங்கும். ஒருநாள் லீவரை மூடும்போதே, விரல் ட்ரிகர் பக்கம் போகாமலே, ரைபிள் சுட்டுவிடும். வாரன்டியும் போய்விடும்.

நீங்கள் எழுதிய இரண்டு எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. ஸ்பிரிங் மட்டும்தான் காரணம் என்றால், எத்தனை முறை இழுத்தாலும் ஏறத்தாழ ஒரே கனம் வர வேண்டும். 180க்கும் 260க்கும் நடுவே 80 கிராம் ஊசலாடுகிறது என்றால், அளக்கும் முறையில் கோளாறு இருக்க வேண்டும், அல்லது உள்ளே எதுவோ உரச வேண்டும். ஆகவே முதலில் ஒழுங்காக அளந்துவிடுங்கள்.

டிஜிட்டல் கேஜ் உச்ச அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் அந்த வேகமும் கனமாகப் பதிவாகும். அதன் கொக்கி பிளேடில், அதாவது விரல் அழுத்தும் தகட்டில், எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்பதும் முக்கியம். ட்ரிகர் ஒரு நெம்புகோல். அதன் அச்சு மேலே இருக்கிறது. அச்சிலிருந்து 25 மில்லிமீட்டர் கீழே இழுத்தால் 120 கிராமில் விடுகிற ட்ரிகர், 20 மில்லிமீட்டரில் இழுத்தால் 150 கேட்கும். கொக்கி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலேயும் கீழேயும் வழுக்கினாலே எண்கள் இப்படித்தான் ஆடும்.

தண்ணீர் பாட்டில் இதற்கு நல்ல அளவுகோல். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். அரை லிட்டர் காலி பாட்டிலின் கழுத்தில் நூல் கட்டி, சைக்கிள் ஸ்போக்கில் வளைத்த சின்னக் கொக்கியை நூலின் மறுமுனையில் போடுங்கள். கொக்கி, நூல், பாட்டில் மூன்றையும் சேர்த்து எலக்ட்ரானிக் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குழலில் பெல்லட் (ஈயக் குண்டு) இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகு, டிரை ஃபயர் நிலைக்கு (காற்று வெளியேறாமல் ட்ரிகர் மட்டும் இயங்கும் நிலை) மாற்றிக் காக் செய்யுங்கள். குழல் மேலே பார்க்க ஒருவர் ரைபிளைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். இன்னொருவர் பாப்பாவின் விரல் படுகிற அதே இடத்தில் கொக்கியை மாட்டட்டும். மேசையில் நிற்கும் பாட்டில் மெதுவாக மேலெழும்படி ரைபிளை உயர்த்துங்கள். ஏர் பிஸ்டல் போட்டிகளில் எடைக்கல்லை வைத்துச் சோதிப்பதும் இதே முறையில்தான். மொத்தம் 60 கிராமில் தொடங்கி, சிரிஞ்சால் பத்துப் பத்து மில்லியாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே போங்கள். பிளேடு நகர்ந்து ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்கும் எடை முதல் ஸ்டேஜ். 'டிக்' என்று விடும் எடை மொத்தக் கனம். ஐந்து முறை பார்த்து, முதல் அளவைத் தள்ளிவிடுங்கள்.

மற்ற நான்கும் 10 கிராமுக்குள் ஒத்துப்போய், கனம் மட்டும் கூடுதலாக இருந்தால் சரிசெய்ய வேண்டியது ஸ்க்ரூவை. நான்கும் இப்போதும் தாறுமாறாக வந்தால் உரசலைத் தேட வேண்டும். அளவு 100, 120 என்று நியாயமாக வந்தும் பாப்பாவுக்குக் கல்லாகத் தெரிந்தால், ஸ்டேஜ்களைப் பிரித்த விதத்திலோ விரல் போகும் வழியிலோ கோளாறு.

உரசலை எடுத்துக்கொள்வோம். உங்கள் பக்கத்தில் முதல் சந்தேகம் பஞ்சுத் தூசி மேல்தான் விழ வேண்டும். பெருந்துறை, திருப்பூர், சோமனூர் வட்டாரத்தில் மில்லும் தறியும் இல்லாத திசை கிடையாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மண்ணும் அதோடு சேர்ந்துகொள்ளும். புது ரைபிள் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவி அனுப்பும் எண்ணெயில் இந்தப் பஞ்சு ஒட்டினால் பசையாகிவிடும். ட்ரிகர் கார்டின் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் பல்ப் ஊதியால் ஊதி, உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள். பட்டறையில் எதற்கெடுத்தாலும் கைக்கு வரும் பனியன் வேஸ்ட்டை இங்கே கொண்டுவரவே கூடாது. இழை உதிர்த்து நிலைமையை மோசமாக்கும். துருநீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். அன்றைக்கு வழுக்கும், மாதக் கணக்கில் பிசினாகிக் கிடக்கும். மசகு போடலாம் என்று கையேடு சொல்லியிருந்தால், அது சொல்கிற இடத்தில், சொல்கிற கிரீஸை ஊசிமுனை அளவு மட்டும் வையுங்கள்.

தூசி இல்லையென்றால், தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையான ஸ்டாக்கைப் பாருங்கள். ஆக்‌ஷனை (குழலும் ட்ரிகரும் அடங்கிய பகுதி) ஸ்டாக்கோடு பிணைக்கும் போல்ட்டைக் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கு விசை) அளவுக்கு மேல் இறுக்கினால், ட்ரிகர் கூடு லேசாக நெளிந்து பிளேடு பக்கவாட்டில் உரசலாம். ஆக்‌ஷனை வெளியே எடுத்து இன்னொரு முறை அளந்தால் தெரிந்துவிடும். வெளியே 110, உள்ளே 200 என்று வந்தால் ட்ரிகரில் குற்றமே இல்லை. பிளேடைத் தாங்கும் ஷூ கோணலாக நின்று கார்டில் படுகிறதா என்பதையும் அதே கையோடு பாருங்கள்; ஒரு மெல்லிய காகிதம் இருபுறமும் தடையில்லாமல் நுழைய வேண்டும்.

இனி ஸ்க்ரூக்கள். எதைத் தொடும் முன்னும் அதன் தலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்க்ரூ, ஒரு தடவைக்குக் கால் சுற்று, பிறகு அளவு. இரண்டை ஒன்றாகத் திருப்பியவர்களால் பழைய நிலைக்குத் திரும்பவே முடியாது. சிவப்பு லாக்கர் வைத்து மூடிய ஸ்க்ரூ கம்பெனி அமைத்தது, அதைத் தொடாதீர்கள்.

முதலில் கை வைக்க வேண்டியது ட்ரிகர் ஸ்டாப். பலரும் கடைசியில்தான் இதற்கு வருகிறார்கள். சியர் விட்ட பிறகு பிளேடு மேலும் பின்னால் ஓடாமல் தடுப்பது இதன் வேலை. அளவுக்கு மீறி உள்ளே திருகியிருந்தால், சியர் விடுவதற்குள் பிளேடு ஸ்டாப்பில் முட்டிவிடும். விரல் அழுத்துவது அப்போது ஸ்பிரிங்கை அல்ல, இரும்புத் தடுப்பை. 'கல்லு மாதிரி' என்று பாப்பா சொல்வது இந்த உணர்வுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. இதை மட்டும் ஒரு முழுச் சுற்று வெளியே திருப்பி அளந்து பாருங்கள். கனம் சட்டென்று இறங்கினால் காரணம் பிடிபட்டது. பிறகு காக் செய்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகி, ட்ரிகர் விடாத இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து விடும் இடம் வரை வெளியே வந்து, அதற்கு மேலும் கால் முதல் அரைச் சுற்று வெளியே வந்து நிறுத்துங்கள்.

அடுத்தது இரண்டு ஸ்டேஜ்களின் பங்கு. பாப்பாவின் விரலுக்குத் தெரிவது மொத்தக் கனம் இல்லை. சுவரில் முட்டி நின்ற பிறகு கூடுதலாக எவ்வளவு சேர்க்க வேண்டியிருக்கிறது என்பதுதான். மொத்தம் 110 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்டேஜ் 75, மிச்சம் 35 என்றால் இதமாக விடும். அதே 110ஐ முதலில் 40, மிச்சம் 70 என்று பிரித்தால் கனமாகத் தெரியும், சுடும் நொடியில் துப்பாக்கியும் அசையும். முதல் ஸ்டேஜ் ஓட்டத்தை ஒரேயடியாகக் குறைத்தால் சுவரே மறைந்து, மொத்தமும் ஒரே அழுத்தமாக வந்து விழும். சியர் பிடிமானமும் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

பத்து மீட்டர் ஏர் ரைபிளுக்குச் சர்வதேச விதியில் குறைந்தபட்ச ட்ரிகர் எடை கிடையாது. ஏர் பிஸ்டலுக்குத்தான் 500 கிராம் என்ற வரம்பு. அதனால் 50 கிராம் வரைகூட இறக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். ஆறு மாதம் பழகிய பிள்ளைக்கு அது வேண்டாம். குறி சேரும் முன்பே ரைபிள் சுட்டுவிடும். அதற்குப் பயந்து விரல் ட்ரிகருக்குப் போகவே தயங்கும். இந்தத் தயக்கம் ஒட்டிக்கொண்டால் உதறுவது பெரும்பாடு. 100 முதல் 120 கிராமில் வைத்து, இரண்டு மூன்று மாதம் சுடட்டும். கிளப் ரைபிள் எத்தனை கிராமில் இருந்தது என்பதையும் அதே பாட்டிலால் அளந்துவிடுங்கள். அது 60 என்றால், 110 நிச்சயமாகக் கனமாகத்தான் தெரியும்.

விரலையும் பார்த்துவிடுங்கள். முதல் கணுவின் சதைப் பகுதி பிளேடின் நடுவில் பட்டு, நேர் பின்னால் இழுபட வேண்டும். புது ரைபிளின் பிடி பெரியவர் கைக்கு அமைந்திருந்தால், எட்டாத விரல் ஸ்டாக்கின் பக்கத்தில் சாய்ந்து, பிளேடைக் கோணலாகத் தள்ளும். பிளேடைப் பின்னால் நகர்த்தியோ பிடியை முன்னால் கொண்டுவந்தோ சரிசெய்யலாம். விரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு ஏடிஎம் அட்டை நுழையும் இடைவெளி இருந்தால் போதும்.

எந்த மாற்றம் செய்தாலும், பெல்லட் போடும் முன் இதைச் செய்யுங்கள். காலி ரைபிளைக் காக் செய்து, ஸ்டாக்கை உள்ளங்கையால் நாலு புறமும் ஓங்கித் தட்டுங்கள். அடிப்பாகத்தை ரப்பர் மேட்டில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தட்டென்று வையுங்கள். பத்துத் தடவையில் ஒருமுறை தானாக விட்டாலும் அந்த அமைப்பு கூடாது; குறித்து வைத்த கோட்டுக்கே திரும்பிவிடுங்கள். டிரை ஃபயர் வசதி இல்லாத ஸ்பிரிங் ரைபிளில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், பிஸ்டன் சீல் அடிவாங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் அளவு 150க்குக் கீழே வரவில்லை என்றாலோ, நான்கு அளவுகளுக்குள் 30 கிராமுக்கு மேல் வித்தியாசம் நீடித்தாலோ, உள்ளே தவறான ஸ்பிரிங்கோ பிசிறுள்ள உருப்படியோ இருக்கலாம். விற்றவருக்கு எழுதுங்கள். "ட்ரிகர் கனம்" என்று மட்டும் எழுதினால் "பழகினால் சரியாகிவிடும்" என்றுதான் பதில் வரும். ரைபிளின் சீரியல் எண், ஸ்டாக்கோடும் ஸ்டாக் இல்லாமலும் எடுத்த நான்கு நான்கு அளவுகள், முதல் ஸ்டேஜ் எடை, ஸ்டாப்பை எத்தனை சுற்று வெளியே எடுத்தீர்கள் என்பது, லாக்கர் உடையாமல் இருப்பது தெரியும் ஒரு படம், இவ்வளவையும் சேர்த்து அனுப்புங்கள். ரைபிளைப் பார்சலில் கொடுப்பதாக இருந்தால் சிலிண்டரைக் கழற்றி, காற்றை முழுதும் வெளியேற்றித் தனியாக வையுங்கள்.