ஸ்மித் ஆற்றங்கரையில் தங்கக் கிளைம் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வசிக்கிறோம். ஸ்மித் ஆற்றின் வடகிளைப் பக்கம் ஒருவர் தன் தங்க மைனிங் கிளைமை (அரசு நிலத்தில் கனிமம் எடுக்கும் உரிமையை) விலை பேசுகிறார். அந்த இடத்தைத் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியோடு சேர்க்க மசோதா இருக்கிறதாமே. அது சட்டமாவதற்குள் வாங்கிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாமா? மீன்பிடிக்கத் தடை வருமா?

பதில்: மசோதாவை முன்னிட்டு அவசரப்படாதீர்கள். தென்மேற்கு ஓரிகனில் ஏறத்தாழ 1,01,000 ஏக்கர் கூட்டாட்சி நிலத்தில் புதிய கிளைம் எடுப்பதற்கு 2017 ஜனவரியிலேயே 20 ஆண்டுத் தடை வந்துவிட்டது. வடகிளையில் சேரும் பால்ட்ஃபேஸ் ஓடைப் பகுதியும் அதில் அடக்கம். நிக்கல் சுரங்கத் திட்டங்கள்தான் காரணம். அணையே இல்லாத இந்த ஆற்றின் நீரைத்தான் கீழே கலிஃபோர்னியாவில் உள்ள கிரசண்ட் சிட்டி குடிக்கிறது; ஆறு தொடங்கும் மேல்பகுதியில் மண்ணை வெட்டினால் ஊர்க் குழாய்வரை போகும். தடை அவசியமானதே.

1990-ல் கலிஃபோர்னியாவில் அமைந்த பொழுதுபோக்குப் பகுதி 3 லட்சம் ஏக்கருக்கும் மேல். மசோதா அதை ஓரிகனுக்குள் சுமார் 58,000 ஏக்கர் நீட்டி, அங்கே சுரங்கத் தடையை நிரந்தரமாக்கப் பார்க்கிறது. செனட்டர் ஜெஃப் மெர்க்லி 2023-ல் கொண்டுவந்த மசோதா அந்தக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) காலத்தில் நிறைவேறவில்லை. காங்கிரஸின் இரண்டாண்டு முடிந்தால் மசோதா காலாவதியாகும். மறுபடி வந்தால் புது எண்ணில்தான் வரும். பழைய எண்ணை வைத்துத் தேடாதீர்கள்.

தடையில் உள்ள "ஏற்கெனவே உள்ள செல்லுபடியான உரிமைகளுக்கு உட்பட்டு" என்ற வரியை விற்பவர் காட்டுவார். பலர் சறுக்குவது இங்கேதான். கிளைம் பதிவாகியிருப்பது மட்டும் அந்த உரிமை ஆகாது. தடை வந்த நாளிலும் இன்றும், வெட்டினால் லாபம் தரும் அளவு கனிமம் அங்கே இருப்பது நிரூபணமாக வேண்டும். வேலைத் திட்டம் கொடுத்தால் அரசு நிலவியலாளர் மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். பொழுதுபோக்காகத் தங்கம் அலசும் கிளைம் அதில் தேறுவது அரிது.

விலை பேசுமுன் கிளைமின் வரிசை எண்ணைக் கேட்டு வாங்கி, கூட்டாட்சி அரசின் நில மேலாண்மை அமைப்பான பிஎல்எம்மின் எம்எல்ஆர்எஸ் இணையப் பதிவேட்டில் பாருங்கள். கிளைம் எடுத்த தேதி 2017-க்கு முந்தையது என்றாலும் போதாது. தடைக்கான விண்ணப்பம் அறிவிக்கப்பட்டதுமே புதிய கிளைம்களுக்கு நிலம் தற்காலிகமாக மூடப்படுவது வழக்கம். அடுத்து, பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் செப்டம்பர் 1-க்குள் கட்டப்பட்டதா என்று பாருங்கள். இப்போது சிறு கிளைம் ஒன்றுக்கு 200 டாலர். கட்டணமோ விலக்கு மனுவோ உரிய நாளில் போகாவிட்டால் கிளைம் போயிற்று. தடையுள்ள நிலத்தில் மறுபடி எடுக்கவும் முடியாது. எல்லாம் சரியாக இருந்தாலும் நிலம் உங்களுடையது ஆகாது, வீடு கட்ட முடியாது. சால்மன் மீன்களுக்கு இன்றியமையாதவை என ஓரிகன் வரையறுத்த ஓடைகளில் மோட்டார் வைத்து உறிஞ்சி அலசுவதற்கு 2018 முதல் தடை இருக்கிறது.

மீன்பிடிப்புக்குக் கவலை வேண்டாம். உரிமமும் பருவமும் மாநிலத்தின் கையிலேயே இருக்கும். எல்லை தாண்டிப் பிடித்தால் கலிஃபோர்னியா உரிமம் தனியே எடுக்க வேண்டும்.