எத்தனை ஆபரேஷனில் நிற்பாள்?

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறேன். மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள், பயாலஜி குரூப். நீட் எழுதினாள், கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் வீட்டில் இருந்து படிக்க அவளுக்கு மனமில்லை, ஆனால் ஆஸ்பத்திரி வேலைதான் வேண்டும் என்கிறாள். பக்கத்து ஊரில் ஒரு நிறுவனத்தார், பத்தாம் வகுப்பே போதும், ஆறே மாதத்தில் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) டெக்னீசியன், வேலை உறுதி என்று சொல்லி முன்பணம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், அங்கே இதற்கு சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட் என்று பெயர், நல்ல சம்பளம், படிக்க வையுங்கள் என்கிறார். எங்கே சேர்ப்பது? பெண் பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா?

ச., சங்கரன்கோவில்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

முன்பணம் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், பல வருடங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்கப் போயிருந்தேன். புதிதாக ஒரு பையன் தியேட்டரில் நின்றான். ஆறு மாதப் படிப்பு, நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்வான். ஆபரேஷன் நடுவில் குழாய் வழியாக வரும் ஆக்சிஜனின் அழுத்தம் இறங்கி அலாரம் அடித்தது. மெஷினுக்குப் பின்னால் மாட்டியிருந்த சிலிண்டரைத் திறந்தேன், முள் பூஜ்ஜியத்தில் நின்றது. காலையில் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேறு சிலிண்டர் வரும்வரை, நோயாளிக்கு மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே நின்றேன். நோயாளி நல்லபடியாக எழுந்துவிட்டார். மெஷினைச் சரிபார்ப்பது கடைசியில் மயக்க மருத்துவரின் பொறுப்பு, ஆகவே அது என் தவறும்தான். ஆனால் அன்று வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் பையன் அழுதது இன்னும் மனதில் இருக்கிறது. அவனிடம் பணம் வாங்கியவர்கள் அவனுக்கு ஒரு தியேட்டரைக்கூடக் காட்டாமல் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

சரி, உங்கள் மகளுக்கு இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

நம் மாநிலத்தில் இதற்கான பட்டப்படிப்பின் பெயர் பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. மூன்று வருடம் படிப்பு, அதன்பின் ஒரு வருடம் கட்டாய இன்டர்ன்ஷிப். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்) படித்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும், 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டு, கலந்தாய்வில் இடம் கொடுத்து வந்திருக்கிறது. நீட் மதிப்பெண் கேட்டதில்லை. அரசுக் கல்லூரி இடங்களோடு தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அந்த ஒரே கலந்தாய்வில்தான் வரும். தேசிய அளவில் விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் இந்த ஆண்டின் கையேட்டை மகளையே முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். மதிப்பெண் இருந்தும் ஒரு சான்றிதழ் நேரத்துக்கு வராமல் இடம் தவறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே தியேட்டர் டெக்னீசியன், அனஸ்தீசியா டெக்னீசியன் என்று ஓராண்டுச் சான்றிதழ் படிப்புகளும் உண்டு. அதைப் படித்து அரசு மருத்துவமனைகளில் தியேட்டர் அசிஸ்டெண்டாக இருக்கும் அருமையான ஆட்களோடு வேலை பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2021இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அறுவை அரங்கத் தொழில்நுட்பரும் மயக்கவியல் தொழில்நுட்பரும் அதன் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தச் சட்டம் இந்தத் தொழில்களுக்குச் சொல்லும் அளவு, 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் இரண்டு முதல் நான்கு வருடம் வரை படித்த டிப்ளமோ அல்லது பட்டம். இனி பதிவேடு, பதிவு எண் என்று எல்லாம் இந்த அளவை வைத்துத்தான் நகரும். 18 வயதில் தொடங்கும் பிள்ளை அதற்குக் குறைவான படிப்பில் போய் நிற்பது நல்லதல்ல. ஆறு மாதப் படிப்பு இந்தக் கணக்கில் எங்கேயுமே வராது.

உங்கள் மைத்துனர் சொன்னதும் தவறில்லை, ஆனால் அது வேறு வேலை. அமெரிக்காவில் சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட் என்பவர் கை கழுவி, கவுன் போட்டு, அறுவை மருத்துவருக்கு எதிரே நின்று கருவிகளை எடுத்துத் தருபவர். நம் ஊரில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ் நிற்பார். நம் டெக்னாலஜிஸ்டுக்கு மயக்க மருந்து மெஷின், மானிட்டர், நோயாளியை மேஜையில் சரியாகப் படுக்கவைப்பது, லேப்ராஸ்கோப்பி கேமரா, எலும்பு ஆபரேஷனில் சி-ஆர்ம் என்னும் நகரும் எக்ஸ்ரே மெஷின், கருவிகளை ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்குவது என்று வேலை பரந்தது. இங்கே வாங்கிய பட்டத்தை அங்கே அப்படியே நீட்ட முடியாது. அங்கீகாரம் பெற்ற அந்நாட்டுப் படிப்பை முடித்தவர்களுக்குத்தான் பொதுவாக அங்கே சான்றுத் தேர்வு. அதை மனதில் வைத்துக் கடன் வாங்காதீர்கள்.

ஆனால் அங்கிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே அந்தப் படிப்பை முடிக்க ஒரு மாணவர் 120 ஆபரேஷன்களில் நின்றிருக்க வேண்டும். அதில் குறைந்தது 80 ஆபரேஷன்களில், கருவி எடுத்துத் தரும் முதல் ஆளாக நின்றிருக்க வேண்டும். வயிறு, எலும்பு, பிரசவம், கண் என்று பிரித்துக் கணக்கு எழுத வேண்டும்.

கல்லூரி பார்க்கப் போகும்போது நீங்களும் இந்தக் கணக்கையே கேளுங்கள். கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, எத்தனை தியேட்டர், ஒரு நாளைக்கு எத்தனை ஆபரேஷன், அங்கே என் மகள் எந்த வருடத்திலிருந்து போவாள், நின்ற ஆபரேஷன்களை எழுதி வைக்கும் லாக்புக்கில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேளுங்கள். இறுதியாண்டு மாணவி ஒருத்தியிடம் தனியாகப் பேசி, அவள் லாக்புக்கை வாங்கிப் பாருங்கள். தறியில் நிற்காமல் தறி ஓட்டக் கற்றவன் உண்டா என்று உங்களுக்குத் தெரியும். தரவரிசையில் கொஞ்சம் கீழே இருக்கும் கல்லூரியானாலும், ஆபரேஷன் நிறைய நடக்கும் அரசு மருத்துவமனையோடு சேர்ந்தது என்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

நல்ல பயிற்சி என்ன செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். என்னோடு எட்டு வருடம் வேலை பார்த்த ஒரு பெண், காலை ஏழு மணிக்கு முன்பே வந்துவிடுவாள். சிலிண்டரைத் திறந்து முள் பார்ப்பாள், சக்ஷன் இழுக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பாள், நோயாளி விடும் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் வெள்ளையிலிருந்து ஊதாவுக்கு மாறியிருந்தால் அப்போதே மாற்றிவிடுவாள். ஒரு நாள் நோயாளியின் தொண்டைக்குள் டியூப் போடும்போது, தொண்டையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு அணைந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள், எரிந்துகொண்டிருந்த இன்னொன்று என் கைக்குள் வந்துவிட்டது. நோயாளிக்கு எதுவும் தெரியாது. வெளியே காத்திருந்த அவர் மனைவிக்கும் தெரியாது. அந்த டெக்னீசியன் பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அவள் இருக்கும் நாளில் என் தோள் லேசாக இருக்கும்.

பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். ஒத்துவரும். மணிக்கணக்கில் நிற்க வேண்டும், நைட் டியூட்டி உண்டு, நடு இரவில் விபத்துக் கேஸ் வரும். எக்ஸ்ரே ஓடும்போது ஈய அங்கி மாட்டிக்கொள்ள வேண்டும், அது கனக்கும். முதல் தடவை ரத்தம் பார்த்துத் தலைசுற்றினால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நல்ல மருத்துவர்கள் பலருக்கே அப்படி ஆகியிருக்கிறது. நான் பயப்படுவது வேறு குணத்துக்கு. கிருமி நீக்கிய கையுறை மேஜை ஓரத்தில் பட்டுவிட்டது, யாரும் பார்க்கவில்லை. அப்போது "பட்டுடுச்சு சார், மாத்திடறேன்" என்று சொல்லும் பிள்ளையா அவள்? வீட்டில் ஒரு தட்டை உடைத்தால் வந்து சொல்லிவிடுவாளா, ஒளித்து வைப்பாளா? அது உங்களுக்குத்தான் தெரியும். சொல்லிவிடும் பிள்ளை என்றால் தயங்காமல் அனுப்புங்கள்.

சம்பளம் பற்றி மறைக்க மாட்டேன். சிறிய தனியார் மருத்துவமனைகளில் ஆரம்பத்தில் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள், உழைப்புக்கு அது நியாயமே இல்லை. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு விடும்போது, எந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள் என்று எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். பட்டத்தின் பெயர் ஒரு சொல் மாறினாலும் சிக்கல் வரலாம். ஆகவே கல்லூரியில் சேரும்முன் பழைய அறிவிப்புகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் நாட்களில் அவளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். குழந்தையில் போட்டிருந்தால் அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். போடவில்லை என்றால் மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. இந்த வாரம் ஆரம்பித்தால், அவள் முதன்முதலாகத் தியேட்டருக்குள் போவதற்கு முன்பே முடிந்துவிடும்.