கணினிமொழியியல்: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

வணக்கம்,

எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். கணினிமொழியியலில் ஆய்வு செய்ய ஆசை. பைத்தான் ஓரளவு வரும். கணக்கு பிளஸ் டூவோடு சரி. சீனியர் ஒருவர் ஜுராஃப்ஸ்கி–மார்ட்டின் பாடநூலின் இரண்டாம் பதிப்பை ஜெராக்ஸ் எடுத்துத் தந்தார். நூறு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. இதையே படிக்கலாமா? விளவங்கோடு பக்கத்துப் பேச்சை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

ஆர்., தக்கலை

அன்புள்ள ஆர்.,

அந்த ஜெராக்ஸ் அலமாரியில் இருக்கட்டும். சொற்களை எண்வரிசையாக மாற்றும் வேர்ட்2வெக் வந்தது 2013, இன்றைய மொழி மாடல்களின் அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் 2017. இரண்டாம் பதிப்பு இரண்டுக்கும் முந்தியது. மூன்றாம் பதிப்பின் வரைவை ஆசிரியர்கள் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். அவ்வப்போது திருத்துவதால் அத்தியாய எண்கள் மாறும். தலைப்பைப் பார்த்துப் படியுங்கள்.

ஆனால் முதலில் கையில் எடுக்க வேண்டியது பேர்ட், கிளைன், லோப்பர் எழுதிய என்.எல்.டி.கே. (மொழி ஆய்வுக்கான பைத்தான் கருவித்தொகுப்பு) புத்தகம். 2009 அச்சுப் பிரதி வேண்டாம், அதில் இருப்பது பைத்தான் 2; பிரிண்ட் வரியிலேயே பிழை காட்டும். பைத்தான் 3-க்கு மாற்றிய இணையப் பதிப்பில் முதல் மூன்று அத்தியாயங்களும் ஆறாவதும் போதும். பிறகு ஜுராஃப்ஸ்கி–மார்ட்டின் மூன்றாம் பதிப்பில் என்-கிராம் (அடுத்தடுத்து வரும் சொற்களை எண்ணுவது), லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (வகைப்படுத்தும் முறை), எம்பெடிங் (சொல்லை எண்வரிசையாக்குவது). கணக்கில் லாகரிதம், நிபந்தனை நிகழ்தகவு, வெக்டர் பெருக்கல், கொஞ்சம் வகையீடு தெரிந்தால் சமாளிக்கலாம். நிகழ்தகவு இடறினால் மேனிங்–ஷூட்ஸே பாடநூலின் (1999) இரண்டாம் அத்தியாயம் உதவும்.

ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பயிற்சியையும் தமிழில் திரும்பச் செய்யாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். ரெகெக்ஸில் (எழுத்துக் கோவைகளைத் தேடும் குறியீட்டு முறை) சொல்லைப் பிடிக்கும் பின்சாய்கோட்டு டபிள்யூ பிளஸ்ஸுக்கு (\w+) 'நாகர்கோவில்' என்று கொடுத்துப் பாருங்கள். ந, கர, க, வ, ல என்று ஐந்து துண்டாக வரும். பைத்தானின் வழக்கமான ரெகெக்ஸ் எழுத்து, எண், அடிக்கோடு மூன்றையும்தான் சொல்லின் பகுதியாக எடுக்கும். புள்ளியும் உயிர்க்குறிகளும் யூனிகோடில் 'குறி' வகை என்பதால் அங்கெல்லாம் வெட்டிவிடும். தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் ஒரு தொகுதியாக எழுதிக் கொடுத்தால் சரியாகும். அதே சொல்லின் நீளத்தைக் கேட்டால் 6 வராது, 11 வரும். 'கோ'வின் குறியை யாராவது இரண்டாகப் பிரித்துத் தட்டியிருந்தால் 12. திரையில் வித்தியாசமே தெரியாது, எண்ணும்போது இரண்டு சொல்லாகிவிடும். எதற்கும் முன்னால், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. நார்மலைசேஷன் போட்டுவிடுங்கள்.

என்-கிராமுக்கு வந்தால் உங்கள் எம்.ஏ. கைகொடுக்கும். வீட்டுக்கு, வீட்டுக்குக், வீட்டுக்குச், வீட்டுக்குத், வீட்டுக்குப்: ஒற்று மிகுவதாலேயே ஒரு சொல் ஐந்தாகிறது. எண்ணிக்கை சிதறி நிகழ்தகவு மெலிந்துபோகும். ஆங்கிலத்தை வைத்து எழுதிய பாடப்புத்தகம் இதைச் சொல்லித் தராது. ஒற்றை நீக்கி ஒருமுறை, நீக்காமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆனால் இரண்டின் பெர்ப்லெக்சிட்டியையும் (அடுத்த சொல்லைக் கணிக்க மாடல் எவ்வளவு திணறுகிறது என்ற அளவு) நேராக ஒப்பிடாதீர்கள். சொற்பட்டியல் மாறினால் அந்த எண்ணும் மாறும்.

வட்டாரப் பேச்சு தாராளமாகச் செய்யலாம். பல மொழி வாக்கியங்களுக்கு இலக்கணக் குறிப்பு சேர்த்துத் தரும் யுனிவர்சல் டிபெண்டென்சீஸ் திட்டத்தின் தமிழ் டி.டி.பி. தொகுப்பில் இருப்பது 600 வாக்கியம், அதுவும் செய்தித் தமிழ். அதில் பழகிய டேகர் (ஒவ்வொரு சொல்லுக்கும் பெயர், வினை என்று டேக் போடும் நிரல்) விளவங்கோட்டுப் பேச்சில் தடுமாறத்தான் செய்யும். பதிவு செய்ததை எழுதும் முன்பே எழுத்துமுறையை முடிவு செய்யுங்கள். ஒருவர் 'ஒறங்குதான்', இன்னொருவர் 'உறங்குதான்' என்று எழுதினால் பின்னால் திருத்தி மாளாது. ஒரே ஆளின் பேச்சைப் பயிற்சியிலும் சோதனையிலும் கலக்காதீர்கள், மதிப்பெண் பொய்யாக ஏறும். முதல் நூறு வாக்கியத்துக்கு இரண்டு பேர் தனித்தனியாக டேக் போட்டு, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கப்பா அளவைக் கணக்கிடுங்கள். அது குறைவாக வந்தால் மாடல் பக்கமே போகாமல் டேக் விதிகளைத் திருத்துங்கள்.