தாத்தாவின் சிவப்புக் கற்கள்: மாணிக்கமா, ஸ்பினலா?

வணக்கம் அக்கா. மியான்மரின் மோகோக்கிலிருந்து தாத்தா கொண்டுவந்த சிவப்புக் கற்கள் புற ஊதா டார்ச்சில் செக்கச்செவேலென ஒளிர்கின்றன, மாணிக்கம்தானே என்று கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மோகோக்கின் சலவைக்கல் பாறையில் மாணிக்கமும், அதைப்போலவே தெரியும் ஸ்பினல் என்ற வேறு ரத்தினமும் சேர்ந்தே விளைகின்றன. குரோமியம் இருப்பதால் இரண்டுமே ஒளிரும். இங்கிலாந்து மணிமுடியின் 'கறுப்பு இளவரசர் மாணிக்கம்'கூட ஸ்பினல்தான்.

பட்டை தீட்டாத கல்லில் வடிவத்தைப் பாருங்கள். ஸ்பினல் பெரும்பாலும் எட்டு முகங்களோடு, இரண்டு பிரமிடுகளை அடிப்பக்கம் ஒட்டியதுபோல இருக்கும். மாணிக்கம் அறுகோணம்.

தேய்ந்த கல்லென்றால் 0.01 கிராம் வரை காட்டும் தராசு போதும். முதலில் கல்லை எடைபோடுங்கள். அப்புறம் தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, குவளையைத் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எடையால் வகுத்தால் மாணிக்கத்துக்கு 4.0, ஸ்பினலுக்கு 3.6 அளவில் வரும். 1 கிராமுக்குக் குறைந்த கல்லில் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

அரத்தால் உரசிப் பார்க்கவே கூடாது, கல் சேதமாகலாம்.

4.0 வந்தாலும் செயற்கை மாணிக்கமாக இருக்கலாம். லென்ஸில் வளைந்த கோடுகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். உறுதிசெய்ய யாங்கூனில் ஒரு ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் காட்டுங்கள். ஸ்பினல் என்று வந்தாலும் விற்க அவசரப்படாதீர்கள், நல்ல மோகோக் சிவப்புக்கு மதிப்பு அதிகம்.