ஜெரால்ட் பேரியின் இசை: கேள்வி பதில்

கேள்வி: அயர்லாந்தின் இன்றைய இசையமைப்பாளர்களில் ஜெரால்ட் பேரியை அவசியம் கேட்கச் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னெஸ்ட்' ஓபராவிலிருந்து, அதாவது வசனத்தையும் பாடியே நடிக்கும் இசை நாடகத்திலிருந்து. ஆஸ்கர் வைல்டின் 1895 நாடகம்தான் கதை. 2011-இல் லாஸ் ஏஞ்சலீஸில் நடிப்பும் காட்சியமைப்பும் இல்லாத கச்சேரி வடிவில் அரங்கேறியது. இசையமைப்பாளர் தாமஸ் அடேஸ் இசைக்குழுவை நடத்த, பர்மிங்காம் கன்டெம்பரரி மியூசிக் குரூப் வாசித்த பதிவை என்.எம்.சி. என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. கேட்கும் முன் நாடகத்தைப் படித்துவிடுங்கள். வசனத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பேரி வெட்டிவிட்டார். கதை தெரியாவிட்டால் யார் யாரிடம் எதற்குக் கத்துகிறார்கள் என்றே பிடிபடாது.

கேள்வி: கேட்டேன். ஆங்கிலச் சொற்களின் அழுத்தம் எல்லாமே தப்பான இடத்தில் விழுகிறதே?

பதில்: வேண்டுமென்றே செய்தது. கச்சேரியில் பாடகர் சொல்லைக் கண்ட இடத்தில் பிரித்தால் நாம் முகம் சுளிப்போம் இல்லையா, இவர் அதையே வேலைமுறையாக வைத்திருக்கிறார். பல இடங்களில் வசனத்தைப் பார்த்து மெட்டுப் போட்டதுபோலவே இருக்காது; இசை தன் போக்கில் ஓட, சொற்கள் அதில் திணிக்கப்படும். வைல்டின் பாத்திரங்கள் அற்ப விஷயத்தைப் பெரிய தோரணையோடு பேசுபவர்கள். அந்தத் தோரணையை இசை பத்து மடங்கு ஊதிவிடுகிறது.

பாடுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். அழுத்தத்தைப் பேச்சு வழக்குக்குத் திருத்திப் பாடினாலோ, சிரிப்பு வரவழைக்க இழுத்து நெளித்தாலோ வேகம் செத்துவிடும், நகைச்சுவையும் கூடவே போய்விடும். குறிப்பில் உள்ள தாளத்தை முதலில் சொல்லில்லாமல் ஒரே சுரத்தில் தட்டிப் பழகுங்கள். பிறகு மெதுவான வேகத்தில் சொற்களை மட்டும் தாளத்தோடு பேசுங்கள். சுரம் கடைசியில் வரட்டும். முகத்தில் சிரிப்பே கூடாது.

கேள்வி: தட்டுகளை உடைக்கும் காட்சியை எங்கள் குழு மேடையேற்றலாமா?

பதில்: நாடகத்தின் இளம்பெண்கள் குவெண்டலினும் செசிலியும் மரியாதையாகச் சண்டை போடும் இடம் அது. இருவரும் மெகாபோனில் கத்த, தாளவாத்தியக்காரர் நாற்பது தட்டுகளை உடைக்கிறார். சும்மா ரகளை என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு தட்டும் இசைக்குறிப்பில் எழுதப்பட்ட தாளத்தில் உடைய வேண்டும். ஆகவே ஒரே ரகத் தட்டுகளாக வாங்குங்கள். கனத்த உணவகத் தட்டு ஒரே அடியில் உடையாமல் போகலாம், அந்த அடி தவறினால் அடுத்ததும் சறுக்கும். பிளாஸ்டிக் கலந்த தட்டு ஆகவே ஆகாது. ஒத்திகைக்கும் சேர்த்து வாங்க வேண்டும் என்பதைச் செலவுக் கணக்கில் மறந்துவிடுகிறார்கள். உயரமான பக்கங்கள் உள்ள தொட்டிக்குள் உடையுங்கள். உடைப்பவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், அவருக்கும் பக்கத்து வாத்தியக்காரர்களுக்கும் நடுவே தடுப்பும் வேண்டும். மேடையேற்றும் உரிமைக்கு ஷாட் பதிப்பகத்தைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: குவெண்டலினின் அம்மா லேடி பிராக்னெல் பாத்திரத்தை ஆண் பாடுவது இயக்குநரின் விளையாட்டா?

பதில்: இல்லை, பேரியே பாஸ் குரலுக்குத்தான், அதாவது ஆணின் அடிக்குரலுக்குத்தான் எழுதினார். அந்த அம்மாள், பீத்தோவன் தன் ஒன்பதாவது சிம்பொனியில் மெட்டமைத்த 'மகிழ்ச்சிக்கு வாழ்த்து' என்ற கவிஞர் ஷில்லரின் கவிதையை ஜெர்மனில் பாடும் இடம் உண்டு. மெட்டு பீத்தோவனுடையது அல்ல, பேரியுடையது.

கேள்வி: இவர் யாரிடம் படித்தார்?

பதில்: 1952-இல் கிளேர் மாவட்டத்தில் பிறந்தார். டப்ளினில் படித்துவிட்டு ஜெர்மனியின் கொலோன் நகரில் இசையமைப்பாளர்கள் ஸ்டாக்ஹவுசனிடமும் மௌரிசியோ காகலிடமும் பயின்றார். மேடையையே கேலிப்பொருளாக்கும் குணத்தில் காகலின் சாயல் கூடுதல் என்பது என் கணிப்பு.

கேள்வி: பியானோ வாசிக்கிறோம், இரண்டு பேர். எங்களுக்கு ஏற்ற படைப்பு உண்டா?

பதில்: 1979-இல் எழுதிய 'Ø' இருக்கிறது, குறுக்குக்கோடு போட்ட வட்டம்தான் தலைப்பே. இரண்டு பியானோக்களும் ஒரே இசையைச் சேர்ந்தே வாசிக்க வேண்டும். கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் வேறு வேறு பகுதி வாசிக்கும்போது மறைந்துபோகும் இம்மி அளவுப் பிசகுகூட இங்கே இரட்டை ஒலியாகக் காதில் அறையும். இரண்டு பியானோக்களின் சுருதியும் ஒன்றோடொன்று அச்சாகச் சேராவிட்டால் எவ்வளவு பழகியும் பயனில்லை. முதலில் சுருதிக்காரரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஓபரா வேண்டாம், வாத்திய இசை மட்டும் போதும் என்றால்?

பதில்: 'ஷெவோ த ஃப்ரீஸ்'. லண்டனில் நடக்கும் பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவுக்காக 1988-இல் எழுதியது. 1588-இல் ஆர்மடா என்ற ஸ்பானியப் போர்க்கடற்படையின் கப்பல்கள் அயர்லாந்துக் கரையில் சிதறி மாலுமிகள் மாண்டதன் நானூறாம் ஆண்டை ஒட்டியது. முழு ஆர்கெஸ்ட்ராவும் இரக்கமில்லாமல் இடிக்கும், ஹெட்போன் ஒலியை முன்பே குறைத்து வையுங்கள். அது தாங்கினால் பேரியின் பியானோ கான்செர்டோவுக்குப் போகலாம், தனிப் பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது. அடேஸ் பிரிட்டன் சின்போனியா இசைக்குழுவோடு பதிவு செய்த பீத்தோவன் சிம்பொனித் தொகுப்பின் முதல் பாகத்தில், நிக்கலஸ் ஹாட்ஜஸ் வாசிப்பில் அது கிடைக்கும். அதே பாகத்தில் 'பீத்தோவன்' என்ற படைப்பும் உண்டு: பீத்தோவன் 1812-இல் எழுதிய காதல் கடிதங்கள், ஆங்கிலத்தில், ஒரு பாஸ் குரலுக்கு. வாத்திய இசை மட்டும் என்றுதான் கேட்டீர்கள். ஆனாலும் இதைத் தாண்டிப் போக வேண்டாம். பாடகர் அடித்தொண்டையிலிருந்து பொய்க்குரல் வரை ஏற வேண்டியிருக்கிறது.